என் மகளுக்காக நான் கட்டிய பேய் மாளிகை

1

வெளிநாட்டில் இருக்கிறவர்கள் எழுதும் பக்கத்தில் இவளுக்கு என்ன வேலை என்று நீங்கள் நினைக்கலாம். நான் கடல் தாண்டவில்லை, விமானமும் ஏறவில்லை. கல்யாணம் முடிந்து கும்பகோணத்தில் ரயில் ஏறினேன். ஆரல்வாய்மொழி மலை ஜன்னலில் தெரிந்தபோது பல் தேய்த்து, தலை வாரிக்கொண்டு, திருவனந்தபுரத்தில் இறங்கினேன். அவ்வளவுதான் என் குடிபெயர்வு. இந்த ஆவணியோடு பத்து வருஷம்.

ஆனால் விசா வாங்கிப் போனவர்கள்கூட என்னைப்போல் அலைந்திருப்பார்களா தெரியவில்லை. ஊரில் ரேஷன் அட்டையில் என் பெயரை நீக்கினார்கள். நீக்கியதற்குக் கொடுத்த சான்று தமிழில் இருந்தது. இங்கே அதை மொழிபெயர்த்துக் கையெழுத்து வாங்கிவரச் சொன்னார்கள். வாங்கிக்கொண்டு போனால் வேறு கவுண்டர். அந்தக் கவுண்டர்காரர் விடுப்பு. ஏழு மாதம் நான் எந்த வீட்டு அட்டையிலும் இல்லை. "நீ இப்போ ஆவியாக்கும்" என்று என் கணவர் சங்கர் சிரித்தார். அவர் பிறந்து வளர்ந்தது இங்கேதான். ஆரியசாலையில் அவர்கள் குடும்பத்துக்கு மிளகாய் வற்றல் மொத்த வியாபாரம். அவருக்கு எந்தக் கவுண்டரிலும் தெரிந்தவர் ஒருவர் இருப்பார். எனக்கு மட்டும் படிவங்கள்.

பேச்சும் மாறிவிட்டது. போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது சாம்பார் ஊற்றிய அண்ணியிடம் போதும் என்பதற்கு மலையாளத்தில் "மதி, மதி" என்று கையைக் குறுக்கே வைத்தேன். பந்தி முழுவதும் சிரித்தது. அன்றைக்கு நானும் சிரித்தேன். பிறகுதான் உறுத்தியது.

இன்னொரு படிவம்தான் இன்றைக்கும் உறுத்துகிறது. மகள் அபியைப் பள்ளியில் சேர்த்த அன்று என்ன மொழி படிக்கப் போகிறாள் என்று கேட்டிருந்தார்கள். தமிழ் என்று ஒரு கட்டமே இல்லை. ஓரத்தில் எழுதிக் கேட்டிருக்கலாம். பின்னால் வரிசை நின்றது. மலையாளத்தில் டிக் போட்டுவிட்டு வந்தேன். வீட்டில் நாமே தமிழ் சொல்லிக் கொடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். எழுத்துகளைச் சொல்லிக் கொடுத்ததோடு சரி.

2

கரமனையில் எங்கள் அடுக்ககத்தில் எதிர் வீட்டில் ரஷ்மி இருக்கிறாள். என்னைவிட இரண்டு வயது மூத்தவள், அதனால் சேச்சி என்றுதான் கூப்பிடுகிறேன். கழக்கூட்டத்தில் கணினி வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு அடுக்ககத்துப் பிள்ளைகளை மேசையைச் சுற்றி உட்கார வைத்து ஒரு விளையாட்டு நடத்துவாள்.

விளையாட்டு என்றால் பலகையும் காய்களும் இல்லை. கதைதான். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு பாத்திரம் எடுத்துக்கொண்டு, நான் இந்தக் கதவைத் திறக்கிறேன், நான் அந்தப் பெட்டியை உதைக்கிறேன் என்று சொல்வார்கள். நடந்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். இருட்டு அறைகளை ஒவ்வொன்றாகத் தாண்டி உள்ளே போகிற கதை என்றால் அதற்கு டன்ஜன் என்று பெயர். இவ்வளவும் எனக்கு எப்படித் தெரியும் என்றால், ஞாயிறு மூன்று மணிக்கு நான் பால்கனியில் துணி மடிப்பேன். ஒரே துணியை மூன்று முறை மடித்திருக்கிறேன்.

என் மகளின் சிரிப்பு அங்கிருந்து கேட்கும். எங்கள் வீட்டில் அவள் அப்படிச் சிரிப்பதில்லை. திரும்பி வந்ததும் "என்னடி நடந்தது இன்னிக்கு?" என்று கேட்டால், "சும்மா" என்பாள். அப்புறம் அப்பாவிடம் மலையாளத்தில் முழுக் கதையும் சொல்வாள். ரஷ்மி சேச்சி இப்படிச் சொன்னாள், ரஷ்மி சேச்சி அப்படிக் கையை வைத்தாள். ரஷ்மிக்குப் பேசும்போது கட்டைவிரலை மடக்கிக்கொள்ளும் பழக்கம் உண்டு. அபியும் இப்போது மடக்குகிறாள்.

பொறாமைதான். வேறு பெயர் வைத்துப் பார்த்தேன், பொருந்தவில்லை. அதுவும் சாதாரணப் பொறாமை இல்லை. ரஷ்மியின் சம்பளத்தைப் பார்த்தோ ஞாயிறு முழுவதும் சமைக்காமல் இருக்கிற சுதந்திரத்தைப் பார்த்தோ வந்திருந்தால் பொறுத்துக்கொள்வேன். இது என் வேலை. திருச்சி விடுதியில் என்னோடு இருந்தவர்களுக்குத் தெரியும். சாயங்காலம் மின்சாரம் போனால் இரண்டாம் மாடி முழுவதும் என் அறைக்குத்தான் வரும். "செல்வி, அந்தக் கிணத்துக் கதையைச் சொல்லு" என்பார்கள். மின்சாரம் வந்த பிறகும் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். மூன்று பேர் சேர்ந்துதான் குழாயடிக்குப் போவார்கள். அந்தக் குரல் எங்கே போனது? அபிக்குப் பயம் வந்துவிடுமோ, கெட்ட கனவு வருமோ, டாக்டரைக் கேட்கலாமா என்று யோசித்து யோசித்து ஒன்பது வருஷமாக முயலும் ஆமையும்தான் சொல்லியிருக்கிறேன்.

3

ஒன்பதாவது பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டபோது அபி யோசிக்கவே இல்லை.

"பேய் டன்ஜன். ரஷ்மி சேச்சியைச் செய்யச் சொல்லணும்."

"நான் நடத்தறேன்" என்றேன். என் வாயிலிருந்து எப்படி வந்ததென்று எனக்கே தெரியவில்லை.

அபி என்னைப் பார்த்தாள். கேலி இல்லை. நிஜமான சந்தேகம். "அம்மாவுக்கு அறியோ?"

"தெரியும்."

"அப்போ சேச்சி?"

"சேச்சியும் வரட்டும். உன்னோட சேர்ந்து விளையாடட்டும்."

அவளுக்குச் சம்மதம்தான். ஆனால் கண்டிஷன் போட்டாள். பாதியில் நிறுத்தி யாருக்கும் ஜூஸ் கொடுக்கக் கூடாது. ஸ்வெட்டர் போடு என்று சொல்லக் கூடாது. நிஜமாகவே பயமாக இருக்க வேண்டும்.

சாயங்காலம் ரஷ்மியிடம் சொன்னபோது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எத்ர நாளாயி ஞான் வெறுதே உட்கார்ந்து விளையாடணும்னு ஆசைப்படறேன் தெரியுமோ! தமிழில்தன்னே பறஞ்ஞா மதி செல்வி, பிள்ளைகளுக்கு மனசிலாகும்." தமிழிலேயே சொன்னால் போதுமாம், பிள்ளைகளுக்குப் புரியுமாம். பகடைப் பெட்டியையும் கொடுத்தனுப்பினாள். அவள் கொஞ்சம் முகம் சுளித்திருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

4

மாளிகை கட்ட ஆரம்பித்தேன். பழைய மாதக் காலண்டரின் பின்பக்கம், பென்சில், அளவுகோல்.

முதலில் கல்லூரியில் படித்த ஆங்கிலக் கதைகளை நம்பி ஒரு கோட்டை வரைந்தேன். கோபுரம், மூடுபனி, வௌவால், குதிரை வண்டி. இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் வாடகைக்கு எடுத்த நாடக சீன் மாதிரி இருந்தது. கோட்டைக்குள் எத்தனை படி இருக்கும், சமையலறை எந்தப் பக்கம், குப்பையை எங்கே கொட்டுவார்கள், எதுவும் எனக்குத் தெரியாது. தெரியாத வீட்டில் யாரைப் பயமுறுத்துவது?

அப்போது எங்கள் ஆரியசாலைக் கடை நினைவுக்கு வந்தது. தெருவிலிருந்து பார்த்தால் எட்டடி அகலம்தான். உள்ளே போகப் போக முடியவே முடியாது. கடைக்குப் பின்னால் கிடங்கு, அதற்குப் பின்னால் இன்னொரு கிடங்கு, மேலே ஏற ஒரு ஏணி, பரண், பரணிலிருந்து பக்கத்துக் கட்டடத்துக்குப் போகிற ஒரு சின்னக் கதவு. கல்யாணமான புதிதில் ஒருமுறை அங்கே வழி தெரியாமல் நின்றேன். மிளகாய் நெடியில் தும்மல் வந்து, அந்தத் தும்மலைக் கேட்டுத்தான் என்னைக் கண்டுபிடித்தார்கள். கோட்டையை அழித்துவிட்டு அதை வரைந்தேன். வியாபாரத்தில் கொழித்துப் பாழாய்ப்போன ஒரு மாளிகை. முன்பக்கம் குறுகல், உள்ளே ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாகப் பன்னிரண்டு அறை.

உள்ளே யார் இருப்பது என்பதற்கு நான் யோசிக்கவே இல்லை. வெளியூரிலிருந்து கல்யாணமாகி வந்தவள். வந்த அன்றே கணவன் இறந்துவிட்டான். பிறந்த வீட்டில் அவள் பெயரை நீக்கிவிட்டார்கள், வந்த வீட்டில் யாரும் அவள் பெயரைக் கேட்கவில்லை. கடைசி அறையில் வைத்துப் பூட்டினார்கள். அவள் செத்தாளா இல்லையா என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை, அதனால் அவளால் சாகவும் முடியவில்லை. உள்ளே வருகிறவர்களிடம் தன் பெயரைக் கேட்பாள். தெரியாவிட்டால் வெளியே விடமாட்டாள். இதை ஒரே மூச்சில் எழுதிவிட்டு, குழந்தைகளுக்கு இது அதிகமோ என்று பயந்து அடித்தேன். மறுநாள் திரும்ப எழுதினேன்.

அவளுக்கு ஒரு காவலும் வைத்தேன். தன் கண்ணாடி வளையல்களை உடைத்து நடைவழி முழுவதும் பரப்பி வைத்திருக்கிறாள். யாராவது செருப்புக்காலோடு மிதித்தால் நொறுங்கும். அந்தச் சத்தத்தில் எழுந்துகொள்வாள். மொத்த மாளிகையிலும் நான் பெருமைப்பட்டது அந்த நடைவழியைத்தான்.

வெள்ளிக்கிழமை சங்கரை உட்கார வைத்து ஒத்திகை பார்த்தேன். நாலு அறை தாண்டியதும் அவர் காலண்டர் தாளை எட்டிப் பார்த்தார்.

"ஏன் எல்லா ரூமிலும் ஜன்னல் இருக்கு?"

"காத்து வேணாமா?"

"இது பேய் வீடா, ஆஸ்பத்திரியா? இங்க பாரு, பாதாள அறையிலயும் ஜன்னல். பக்கத்துல குடிதண்ணிப் பானை. கயிறு. இன்னும் ஒரு நர்சை மட்டும் வைக்கலை."

கோபம் வந்தது. ஆனால் சொன்னது சரி. அழிப்பானை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு ஜன்னலாக மூடினேன். பன்னிரண்டு ஜன்னல். கடைசி ஒன்றை மூட மனம் வராமல் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு அதையும் மூடினேன்.

5

பிறந்தநாள் ஞாயிற்றுக்கிழமை வந்தது. மதியம் மூன்று மணி, வெளியே நல்ல மழை. மேசையைச் சுற்றி அபி, ரஷ்மி, அடுக்ககத்துப் பிள்ளைகள் ஃபர்ஹாவும் தேவிகாவும். என் முன்னால் அபியின் அட்லஸைத் திறந்து நிமிர்த்தி வைத்தேன். கதை நடத்துகிறவரின் தாளையும் பகடையையும் மற்றவர்கள் பார்க்கக் கூடாது, அதற்கு மறைப்பு. அபிக்குப் பக்கத்தில் என் இடம் இல்லை. அங்கே ரஷ்மி உட்கார்ந்திருந்தாள்.

ஆளுக்கு எட்டு உயிர். அடிபட்டால் பகடையில் விழுகிற எண் அளவுக்கு உயிர் குறையும். அபி ஒரு திருடி. பெயர் காக்கா. வாசல் கதவு திறந்துதான் இருக்கிறது என்று இரண்டு முறை சொன்னேன்.

"காக்கா கேட் வழி போகாது. மதில் ஏறிக் குதிக்கும்" என்றாள் அபி.

பகடை உருட்டினேன். நாலு உயிர் போனது. வாசலுக்குள்ளேயே நுழையாமல் பாதி உயிர் போய்விட்டது. அபியோ சந்தோஷமாக முழங்காலைத் தேய்த்துக்கொண்டாள்.

"பெரிய கூடம். யாருமே இல்லை. ஆனா நடுவுல ஒரே ஒரு குத்துவிளக்கு எரியுது. எண்ணெய் யார் ஊத்தினாங்கன்னு தெரியலை" என்றேன். குரலைத் தாழ்த்திச் சொன்னேன். தேவிகா ஃபர்ஹாவோடு ஒட்டிக்கொண்டாள். நல்ல ஆரம்பம்.

"ஆன்ட்டி, ஒரு நிமிஷம்" என்றாள் தேவிகா. "விளக்கு கத்துன்னுண்டல்லோ, சாமி விளக்கு எரியுது. நான் செருப்பு வெளியே கழட்டி வைக்கிறேன்."

"ஞானும் ஊரி" என்றாள் ஃபர்ஹா. "ஷூ. ரெண்டும்."

"காக்காவும்" என்றாள் அபி.

நான் ரஷ்மியைப் பார்த்தேன். எத்தனையோ டன்ஜன் நடத்தியவள் அவள். "நோக்கண்டா செல்வி, என்னைப் பார்க்க வேண்டாம், நானும் கழட்டியாச்சு. நீங்கதானே விளக்கு வச்சது."

நான் விளக்கு வைத்தது வெளிச்சத்துக்கு. எரியும் விளக்கைப் பார்த்தால் பிள்ளைகள் செருப்பைக் கழற்றுவார்கள் என்று, தினமும் என் வாசலில் நாலு ஜோடி செருப்பைப் பார்க்கிற எனக்குத் தோன்றவே இல்லை. அடுத்தது நடைவழி. உடைந்த வளையல். வெறுங்கால்.

வேண்டாம், நடைவழியையே எடுத்துவிடலாமா என்று நினைத்தேன். அதற்குள் காக்கா ஓட ஆரம்பித்துவிட்டது. "காக்கா முதல்ல!" கண்ணாடி, ரத்தம், கத்தல். எல்லாருக்கும் பகடை போட வேண்டியதாயிற்று. ஃபர்ஹாவுக்கு இரண்டு. தேவிகாவுக்கு ஒன்று. ரஷ்மிக்கு மூன்று. கடைசியாக அபிக்கு உருட்டினேன்.

ஐந்து.

அவளிடம் இருந்தது நாலு.

அட்லஸுக்குப் பின்னால் அது எனக்கு மட்டும்தான் தெரியும். பிறந்தநாள். புது உடுப்பு. எதிர்பார்த்துக்கொண்டு என் முகத்தையே பார்க்கிறாள். "ஒண்ணு" என்றேன். "லேசாக் கீறல்தான். ஓரமா ஓடினதால தப்பிச்சா."

அபி எழுந்து அட்லஸுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். பகடை உருண்ட இடத்திலேயே கிடந்தது.

"அம்மா. இது அஞ்சு."

"கள்ளக்களி!" என்று கத்திய ஃபர்ஹா, அபியின் முகத்தைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அபி அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு என்ன செய்வதென்று தெரிந்திருக்கும். "ஃபர்ஹாவுக்கு வந்ததைச் சொன்னே. தேவிகாவுக்கு வந்ததைச் சொன்னே. எனக்கு மட்டும் பொய். சேச்சி கொன்னா கொன்னதாக்கும். சேச்சி என்னைக் குழந்தை மாதிரி பார்க்க மாட்டா." தாளையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டாள். "எனக்கு உன்னோட டன்ஜன் வேணாம். அடுத்த வாரம் சேச்சி வீட்டுலயே விளையாடறேன்."

ரஷ்மி தன் டீக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் ஒரு வார்த்தை சொன்னால் அபி உட்கார்ந்துவிடுவாள், அது எங்கள் இருவருக்கும் தெரியும். சொல்லாமல் இருந்தது எனக்கு விட்டுக்கொடுப்பதற்காகத்தான். அதற்காகவும் எனக்கு அவள்மீது எரிச்சல் வந்தது.

இப்போது விட்டால் இனி இவள் என்னிடம் எந்தக் கதையும் கேட்க மாட்டாள் என்று தோன்றியது. சமாதானமாக ஏதாவது சொல்லலாம். கேக்கை வெட்டலாம். ஒன்பது வருஷமாக அதைத்தான் செய்கிறேன்.

"உட்காரு" என்றேன். "அஞ்சுதான். காக்கா செத்துப் போச்சு."

தேவிகா "அய்யோ" என்றாள். அபி நின்றுகொண்டே இருந்தாள்.

"எப்படி?" என்று கேட்டாள்.

6

சொன்னேன். எங்கிருந்தோ அந்தப் பழைய குரல் வந்தது.

"வளையல் துண்டு ஒண்ணு பச்சை. ஒண்ணு சிவப்பு. காக்காவோட உள்ளங்கால்ல அது ஏறினப்ப வலிக்கவே இல்லை. குளிர்ந்துது. கீழே குனிஞ்சு பார்த்தா, ரத்தம் தரையில விழலை. தரை குடிச்சிடுது. அப்பதான் காக்காவுக்கு ஒண்ணு புரிஞ்சுது. இவ்வளவு நேரமா தன்னையும் சேர்த்து நாலு பேர் நடந்து வரலை. அஞ்சு பேர்."

யாரும் அசையவில்லை. மழைச் சத்தம்கூட எனக்குக் கேட்கவில்லை.

"பின்னாடி நிக்கிறவ காக்கா தோள்ல கையை வச்சா. அவ மணிக்கட்டுல வளையல் இருந்த தடம் மட்டும் இருக்கு. 'என் பேரு தெரியுமா?' ன்னு கேட்டா. காக்கா வாயைத் திறந்துச்சு. அதுக்குத் தன் பேரே ஞாபகம் வரலை."

ஃபர்ஹா காலை நாற்காலிமேல் தூக்கி வைத்துக்கொண்டாள். "லைட் போடாமோ ஆன்ட்டி?" பகல் மூன்றரை மணிக்கு எழுந்து போய் விளக்கைப் போட்டேன். ரஷ்மி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இந்தப் பெண்ணை எங்கேருந்து பிடிச்சீங்க செல்வி?" என்று மெல்லக் கேட்டாள்.

அபியின் கண் நிறைந்திருந்தது. ஆனால் உட்கார்ந்துவிட்டாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "செத்தவங்க என்ன செய்யணும்? அடுத்த வாரம் வரைக்கும் சும்மா இருக்கணுமா?" என்றாள். ரஷ்மி வீட்டில் அதுதான் விதி. என் காலண்டர் தாளில் அதற்கு விதியே இல்லை. அபி சாகக்கூடும் என்று நான் ஒரு இடத்திலும் எழுதியிருக்கவில்லை.

"இந்த வீட்டுல செத்தவங்க வெளியே போக முடியாது" என்றேன். "அவ கூடத்தான் இருக்கணும். இங்க வா."

மேசையைச் சுற்றி வந்தாள். என் நாற்காலியிலேயே இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அட்லஸுக்குப் பின்னால் நானும் அவளும் மட்டும். காலண்டர் தாளைப் பார்த்தாள். "அம்மா, இது நம்ம கடை" என்றாள். அழித்த ஜன்னல்களின் தடத்தின்மேல் விரலை ஓட்டினாள். கடைசி அறையில் எழுதியிருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தாள், மெதுவாக, தப்பும் தவறுமாக, தமிழில். நான் திருத்தவில்லை. படித்து முடித்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையில் முதல்முறையாக ஒரு மரியாதை இருந்ததோ, நானாக நினைத்துக்கொண்டேனோ.

அதற்குப் பிறகு அவள் எதிரிலிருந்த மூவரிடமும் பேசவில்லை. என் காதில்தான் பேசினாள். இந்தக் கதவைச் சாத்து. ஃபர்ஹா பின்னால் நில்லு. இப்பவே அவங்களை இருமச் சொல்லாதே, மிளகாய் அறை வரட்டும். எல்லாம் தமிழ். ரகசியத்துக்காகத்தான், என் மேல் பாசத்தால் இல்லை, எனக்குத் தெரியாதா. வாங்கிக்கொண்டேன்.

ஃபர்ஹாவும் தேவிகாவும் பரண் வழியாகத் தப்பித்தார்கள். ரஷ்மியின் ஆள் மட்டும் பாக்கி. உள்ளே இருக்கிறவளின் பெயர் அவனுக்குத் தெரியாது. கதவுக்கு ஓடுகிறான். பின்னால் அவளும் காக்காவும். நாலோ அதற்கு மேலோ விழுந்தால் பிடித்துவிடலாம்.

அபி என் காதில் வாயை வைத்தாள். "அம்மா, சேச்சியை விடவே கூடாது."

அவள் மூச்சு காதில் சுட்டது. ஒரு வருஷமாக நான் நினைத்ததை அவள் சொல்கிறாள். அட்லஸுக்குப் பின்னால் உருட்டினால் நாலு என்று சொல்லிவிடலாம். இந்த முறை அபியும் காட்டிக்கொடுக்க மாட்டாள்.

அட்லஸை மடக்கிக் கீழே வைத்தேன். பகடையை அவள் கையில் கொடுத்தேன். "எல்லாரும் பார்க்கப் போடு."

இரண்டு கையாலும் குலுக்கிப் போட்டாள். மேசையின் ஓரம்வரை உருண்டுபோய் நின்றது.

இரண்டு.

ரஷ்மி கையை உயர்த்திக் கூவினாள். பிள்ளைகள் குதித்தார்கள். அபி என் தோளில் முகத்தை இடித்து "ச்சே" என்றாள்.

நானும் அதையேதான் நினைத்தேன்.